3 கிலோவாட் வீட்டு சோலார்: பேனல் கிடக்கட்டும், ஸ்டாண்டின் காலையும் கம்பியையும் பாருங்கள்

சோலார் போட நினைக்கும் வீட்டில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தக் கம்பெனி பேனல் நல்லது?" கல்யாணப் பந்தலில் துணியின் நிறத்தைப் பார்த்துவிட்டு மூங்கிலைப் பார்க்காமல் விடுகிற கதை இது. பேனல் பழுதாகி வரும் புகார் அபூர்வம். மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது, பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் மத்தியானம் நின்று நின்று ஓடுகிறது, மழை பெய்தால் டிரிப் ஆகிறது, ஆறு மாதமாகியும் மானியம் வரவில்லை என்று வரும் புகார்களே அதிகம். இதில் எதற்கும் பேனல் காரணமில்லை.

இங்கே மதிப்பிடுவது, தமிழ்நாட்டில் இப்போது தெருவுக்குத் தெரு விளம்பரமாகும் 3 கிலோவாட் ஆன்-கிரிட் தொகுப்பு. பேட்டரி கிடையாது, ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும். லைனுக்கு வெளியே தள்ளும் யூனிட்டையும் எண்ணிப் பில்லில் கழிக்க 'நெட் மீட்டர்' வைப்பார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் உண்டு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயும் சேர்த்து மொத்தம் 78,000. அதற்கு மேல் 5 கிலோவாட் போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். விற்பவர்கள் எல்லோரும் 3 கிலோவாட்டைத் தூக்கிப் பிடிப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் வீட்டுக்கும் அதுதான் சரியான அளவா என்பது வேறு விஷயம்.

யாருக்குக் கட்டுப்படியாகும்

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் ஏணிப்படி மாதிரி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. 500ஐத் தாண்டிய நொடியில் அந்த 2.35 சலுகை காணாமல் போய் 101லிருந்தே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. ஆகவே 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் பில் வரும் வீட்டில், 501ஆவது யூனிட் ஓடினால் பில் 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்.

சோலார் செய்வது இந்த ஏணியின் உச்சியிலிருந்து படிகளைக் கழற்றுவது. மேல் படிகள் விலை அதிகம், கீழ்ப் படிகள் மலிவு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கொடுக்கும். இரண்டு மாதத்துக்கு 240. மூன்று கிலோவாட் என்றால் 720. இரண்டு ஏ.சி. ஓடி 900 யூனிட் வரும் வீட்டில் பில் 5,820 ரூபாய். 720 கழிந்தால் மீதி 180 யூனிட், பில் 188 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 33,800 ரூபாய் மிச்சம். தொகுப்பின் விலை 2 லட்சத்தை ஒட்டி இருந்தால், மானியம் போகக் கையிலிருந்து போகும் 1.2 லட்சம் மூன்றரை, நான்கு ஆண்டில் திரும்பிவிடும். இந்த வீட்டுக்குத் தாராளமாகப் போடலாம்.

இனி 400 யூனிட் வீடு. பில் 1,175 ரூபாய்தான். ஒரு கிலோவாட் போட்டால் 160 யூனிட்டாகக் குறைந்து பில் 141 ஆகும். ஆண்டு மிச்சம் 6,200. மானியம் போக 45,000 ரூபாய் செலவென்றால் ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். இதே வீட்டில் 2 கிலோவாட் போட்டால், கூடுதல் கிலோவாட் மிச்சப்படுத்துவது அந்த 141 ரூபாயை மட்டும்தான். அதற்காக இன்னொரு 35,000 போட்டு, பணம் திரும்பப் பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் 3 கிலோவாட்டைத் தள்ளிவிடப் பார்க்கும் விற்பனையாளர், மாடியை அளந்திருக்கிறாரே தவிர உங்கள் பில்லைப் பார்க்கவில்லை. ஆண்டு முடிவில் மிஞ்சும் யூனிட்டை ஈ.பி. நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும் என்ற பேச்சை நம்பியும் அளவைக் கூட்ட வேண்டாம். 300 யூனிட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சோலாரை மறந்துவிட்டுப் பழைய ஃபேன்களை, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன்களாக மாற்றினாலே போதும்.

கீழ் வீடு, மாடி வீடு என்று இரண்டு சர்வீஸ் இருந்தால், சோலார் ஒரு சர்வீஸோடுதான் இணையும். பில் அதிகம் வரும் சர்வீஸில் இணையுங்கள். ஆறு பில்லை எடுத்து வைத்து, சித்திரை-வைகாசி பில்லை மட்டும் பார்க்காமல், ஆண்டுச் சராசரியைப் போட்டுப் பாருங்கள்.

விலைப்பட்டியலில் ஜி.எஸ்.டி. வரியையும் ஒரு கண் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பொருட்களுக்கு வரி 12லிருந்து 5 சதவீதமானது. பொருள் 70, வேலை 30 என்று பிரிக்கும் முறையில் மொத்த வரி 13.8 சதவீதத்திலிருந்து 8.9 ஆக இறங்கியிருக்க வேண்டும். பழைய விகிதத்திலேயே கொட்டேஷன் அச்சடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பேனலும் இன்வெர்ட்டரும்

மானியம் வேண்டுமானால் பேனல் 'டி.சி.ஆர்.' வகையாக இருக்க வேண்டும். பேனலுக்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். வெளிநாட்டு செல்லை வாங்கி இங்கே ஒட்டிய பேனல் மலிவு, ஆனால் மானியத்துக்குச் செல்லாது. மாடியில் ஏற்றும் முன் ஒவ்வொரு பேனலின் சீரியல் எண்ணையும் படம் எடுத்து, பில்லில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஏற்றி முடுக்கியபின் பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்கக் குப்புறப் படுக்க வேண்டியிருக்கும்.

மற்றபடி வாரீ, விக்ரம், டாடா, அதானி என்று பெயர் மாறினாலும் ஒரே வாட் அளவில் யூனிட் கணக்கு பெரிதாக மாறாது. டாப்கான், மோனோ பெர்க் என்று செல்லில் இரண்டு வகை உண்டு; டாப்கான் வகை வெயிலில் சற்றுக் குறைவாகச் சோரும். சாதா மோனோ பெர்க் பேனல், சூடு ஒரு டிகிரி ஏற 0.35 சதவீதம் திறன் இழக்கும், டாப்கான் 0.30. அக்னி நட்சத்திரத்தில் பேனலின் முதுகு 65 டிகிரிக்குப் போகும்போது பெர்க் 14 சதவீதத்தையும் டாப்கான் 12 சதவீதத்தையும் விடும். உற்பத்தி உச்சத்துக்குப் போவது கொளுத்தும் மே மாதத்தில் அல்ல, வானம் தெளிந்து காற்றும் ஓடும் பிப்ரவரி-மார்ச்சில். இரு பக்கமும் ஒளி வாங்கும் பைஃபேஷியல் பேனலின் பின்பக்க வருமானம், தரை வெள்ளையாகவும் பேனல் உயரமாகவும் இருந்தால்தான் தெரியும். தரையோடு ஒட்டிப் போட்டால் பின்பக்கக் கண்ணாடி எடையைத்தான் கூட்டும்.

எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம் உண்டு. மானியக் கணக்கில் பேனல்களின் மொத்த வாட், இன்வெர்ட்டரின் வாட், இரண்டில் எது குறைவோ அதுதான் அளவு. 545 வாட் பேனல் ஆறு போட்டால் 3,270 வாட். 3 கிலோவாட் இன்வெர்ட்டரோடு முழு மானியம். 590 வாட் பேனல் ஐந்தே போட்டு 3 கிலோவாட் என்று சொன்னால் அது 2,950 வாட். 78,000 முழுதாக வராது. பேனலை இன்வெர்ட்டரை விடச் சற்றுக் கூடுதலாகப் போடுவது தவறே இல்லை. பேனல் தன் ஸ்டிக்கரில் உள்ள வாட்டை மாடியில் கொடுக்கும் நேரம் ஆண்டில் மிகக் குறைவு.

கரண்ட் போனால் ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும், உச்சி வெயிலில்கூட. லைனில் வேலை செய்யும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, அது குறையல்ல. கரண்ட் போனாலும் ஃபேன் ஓட வேண்டும் என்றால், வீட்டில் இருக்கும் யூ.பி.எஸ்.ஸே போதும். ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் சேர்த்தால் செலவு எங்கோ போகும், பேட்டரிக்கு மானியமும் இல்லை. நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போகாத ஊரில் அது வீண் செலவு. யூ.பி.எஸ். இருக்கும் வீட்டில் சோலார் வயர் மெயின் போர்டில், யூ.பி.எஸ்.ஸுக்கு முன்பாகச் சேர வேண்டும். யூ.பி.எஸ். வெளியீட்டு லைனில் தெரியாமல் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். மாடி ரூம் போர்டு பக்கத்தில் இருக்கிறதே என்று அதில் சொருகிவிடும் அவசர வேலையில் இந்தத் தவறு அடிக்கடி நேர்கிறது.

இன்வெர்ட்டரை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது. 45 டிகிரியைத் தாண்டினால் பல மாடல்கள் தாமே திறனைக் குறைத்துக்கொள்ளும். மாடிப்படி ஹெட்ரூமுக்குள், ஓவர்ஃப்ளோ ஆகும் டேங்குக்கு அடியில் அல்லாமல், சுற்றிலும் ஒரு சாண் காற்று இடைவெளி விட்டு மாட்டுவது நல்லது.

ஸ்டாண்டு: கொட்டேஷனில் ஒரே வரி, தலைவலியில் பாதி

ஆறு பேனலின் பரப்பு 15.5 சதுர மீட்டர். நடக்க, துடைக்க இடம் விட்டால் மாடியில் 300 சதுர அடி வேண்டும். இந்திய தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், திருச்சிக்கு 47, மதுரை, கோவைக்கு 39. ஐம்பது மீட்டர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். மிக மோசமான கோணத்தில் அது முழுவதும் மேல்நோக்கி இழுத்தால், ஆறு பேனலின் மேல் கிட்டத்தட்ட 2.4 டன் தூக்குவிசை.

எதிர்ப்பக்கக் கணக்கைப் பாருங்கள். ஸ்டாண்டுக் காலைப் பிடித்து நிறுத்தும் ஒரு கன அடி கான்கிரீட் கட்டை 68 கிலோ. எட்டுக் கட்டை என்றால் 544 கிலோ. ஆறு பேனல் 170 கிலோ, இரும்பு ஒரு 150 கிலோ. எல்லாம் சேர்த்து 900 கிலோவைத் தொடாது. ஆகவே டைல்ஸ் மேல் சும்மா உட்கார வைத்த கட்டை, வர்தா போல ஒரு புயல் வந்தால் ஸ்டாண்டோடு சேர்ந்து கிளம்பிவிடும். கட்டைக்குள்ளிருந்து கம்பி, டைல்ஸுக்கு அடியில் உள்ள வெதரிங் கோர்ஸ் அடுக்கைத் தாண்டிக் கீழே உள்ள கான்கிரீட் தளத்துக்குள் கெமிக்கல் ஆங்கரில் (துளைக்குள் ரசாயனப் பசையால் கம்பியைப் பிடிக்க வைப்பது) இறங்கியிருக்க வேண்டும். கடலோர மாவட்டத்தில் இதில் பேரமே கூடாது. கோவையில் 39 மீட்டர் வேகத்துக்கு இதே கணக்கு 1.4 டன்னாகக் குறையும். அங்கேயும் ஆங்கர் வேண்டும்.

துளை போட்டால் ஒழுகுமே என்ற பயம் நியாயமானது. ஒழுகுவது துளையால் அல்ல, துளையைச் சுற்றி அடைக்காமல் விடுவதால். டைல்ஸை ஓர் அடிச் சதுரத்துக்கு வெட்டி எடுத்து, கீழ்த்தளம் வரை சுத்தம் செய்து, ஆங்கர் வைத்து, வாட்டர்ப்ரூஃப் கலவை பூசி, அதன் மேல் கட்டை வார்த்து, ஓரத்தைச் சாய்வாகப் பூச வேண்டும். இதற்கு ஒரு நாள் முழுதாகப் போகும், கான்கிரீட் ஆற ஒரு வாரம் விட வேண்டும். காலையில் வந்து மாலையில் ஆன் செய்து கொடுக்கிறோம் என்பவர்கள் டைல்ஸ் மேலேயே ஃபாஸ்னர் அடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த ஐப்பசியில் கீழ் அறைச் சீலிங்கில் வட்டம் வட்டமாக ஈரம் தெரியும். மரக்கட்டையும் செங்கல்லும் சேர்த்துப் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், கட்டிட இன்ஜினியர் ஒருவர் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது. அங்கே சுவர் மேல் பீம் போட்டு நிறுத்துவதே வழி.

துணி காயப்போட, வடாம் பிழிய மாடி வேண்டும் என்று எட்டடி உயரத்துக்கு ஸ்டாண்டைத் தூக்கச் சொல்வது நம்மூர் வழக்கம். தப்பில்லை. ஆனால் உயரம் கூடினால் குறுக்குச் சட்டம் வேண்டும், கால் கனம் கூட வேண்டும், அதற்குத் தனிக் காசு. குறுக்குச் சட்டம் இல்லாத எட்டடிக் கால் காற்றில் ஆடுவது கையால் தள்ளினாலே தெரியும். துப்புரவுக்கு ஏறி நிற்க ஒரு பலகை வழியையும் சேர்த்தே கேளுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு யாரும் துடைக்க மாட்டார்கள்.

இரும்பு, செய்து முடித்து வெட்டி ஓட்டை போட்டபின் துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஹாட்-டிப் வகையாக, 80 மைக்ரான் பூச்சோடு இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஜி.ஐ. பைப்பை மாடியிலேயே வெல்டிங் வைத்து, வெல்டிங் மேல் சில்வர் பெயின்ட் அடிப்பது பரவலாக நடக்கிறது. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் அந்த மூட்டு இரண்டு மழைக்காலத்தில் துரு பிடிக்கும். போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஸ்.எஸ். 304 எஃகு.

சாய்மானம் தெற்கு நோக்கி 10 முதல் 13 டிகிரி போதும். பத்துக்குக் கீழே போனால் மழை தூசியைக் கழுவாது, கீழ் விளிம்பில் சேறு கட்டும். கிழக்கு-மேற்காகப் போட்டால் சில சதவீதம் குறையும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

நிழலுக்குத்தான் கவலைப்பட வேண்டும். ஆறு பேனலும் ஒரே சங்கிலி. ஒன்றின் மேல் டேங்க் நிழல் விழுந்தால் இழப்பு அந்த ஒன்றோடு நிற்காது. மார்கழியில் சென்னையில் நடுப்பகலிலும் சூரியன் 53 டிகிரி உயரம்தான். இரண்டு மீட்டர் டேங்க் அப்போதே ஒன்றரை மீட்டர் நிழலை வடக்கே வீசும். காலை ஒன்பது மணிக்கு அது இரண்டு மடங்கைத் தாண்டும். சித்திரை நடுவிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் நடுப்பகலில் தலைக்கு வடக்கே போய்விடுவதால், வடக்கே உள்ள ஹெட்ரூமும் நிழல் தரும். இதை யாரும் யோசிப்பதில்லை. மே மாதத்தில் வந்து மாடியைப் பார்த்துவிட்டு "நிழலே இல்லை சார்" என்பவரிடம் டிசம்பர் நிழலை அளந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னையைத் தவிர்க்க முடியவில்லை என்றால், பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர் போடுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. நிழல் இல்லாத மாடியில் அது தேவையற்ற செலவு.

கம்பி, எர்த்திங்

ஆறு பேனல் சங்கிலியில் திறந்த நிலை மின்னழுத்தம் 300 வோல்ட்டை ஒட்டும், அதுவும் ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம். வீட்டு லைனில் வரும் ஏ.சி. மின்சாரம் போல நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடாததால், ஒருமுறை பொறி பற்றினால் அது தானாக அணையாது. டி.சி. பக்கம் ஏ.சி. மின்சாரத்துக்கான எம்.சி.பி.யை (தானே விழும் சுவிட்ச்) போட்டு வைப்பது நெருப்புக்கு அழைப்பு. டி.சி. பக்கத்து சுவிட்சுகள் இருக்கும் டி.சி.டி.பி. பெட்டியைத் திறந்து, எம்.சி.பி. மேல் டி.சி. வோல்ட் அச்சிட்டிருக்கிறதா, சர்ஜ் தடுப்பான் டி.சி. வகையா என்று நேரிலேயே பாருங்கள்.

கேபிள் 4 சதுர மி.மீ. சோலார் கேபிள், ஐ.எஸ். 17293 முத்திரையோடு. இருபது மீட்டர் தூரத்துக்கு இதில் இழப்பு ஒரு சதவீதம்தான், அதற்கு மேல் தடிமன் வேண்டியதில்லை. பேனல்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் இரண்டு பாதியும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டும், கிரிம்பிங் கருவியால் அழுத்தியிருக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்கிய கனெக்டர் முதல் கோடையிலேயே சூடாகி உருகும். கனெக்டர் தரையில் கிடக்காமல் ஸ்டாண்டோடு கட்டியிருக்க வேண்டும். மழை விட்ட மறுநாள் காலை இன்வெர்ட்டர் 'பி.வி. ஐசொலேஷன் லோ' (பேனல் பக்கம் மின்கசிவு) என்று காட்டி நின்றால், முக்கால்வாசி நேரம் தண்ணீரில் ஊறும் கனெக்டர்தான் காரணம். மீதி அணில். கேபிள் முழுவதும் யூ.வி. தாங்கும் பைப்புக்குள் போக வேண்டும். வீட்டு வயரிங் பைப் வெயிலில் மூன்று ஆண்டில் அப்பளமாக நொறுங்கும்.

எர்த் பிட் மூன்று வேண்டும்: ஸ்டாண்டு-பேனலுக்கு ஒன்று, ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. பிட்டுகளுக்குள் மூன்று மீட்டர் இடைவெளி. கொட்டேஷனில் மூன்று என்று எழுதி, தரையில் இரண்டு தோண்டி, இடிதாங்கிக் கம்பியை ஸ்டாண்டு எர்த்தோடு சேர்த்துவிடுவது பரவலான வேலை. இடி விழுந்தால் அந்த மின்னோட்டம் இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்குள் வரும். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து, 5 ஓமுக்குக் கீழே என்று எழுதி வாங்குங்கள்.

மத்தியானத்தில் மட்டும் 'கிரிட் ஓவர் வோல்டேஜ்' என்று நிற்கும் இன்வெர்ட்டரை மாற்றினால் தீராது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் நடுப்பகலில் 250 வோல்ட் வரை ஏறும். இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள, லைனை விட ஒரு படி மேலே போயாக வேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு 30 மீட்டர் 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி என்றால் 13 ஆம்பியரில் மூன்றரை வோல்ட் கூடும். மெல்லிய அலுமினியம் என்றால் ஏழெட்டு. அந்த ஏழெட்டில்தான் எல்லை தாண்டி நிற்கிறது. முதலில் கம்பியை 6 அல்லது 10 சதுர மி.மீ. செம்பாக மாற்றுங்கள், மீட்டர் முனையத்தில் திருகுகளை இறுக்குங்கள். பிறகும் நின்றால் ஈ.பி.யில், டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் 'டேப்'பைக் குறைக்க எழுதிக் கொடுங்கள். நெட் மீட்டர் இருக்கும்போது எந்த நேரத்தில் மின்சாரம் செலவழித்தாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் இப்படிப்பட்ட தெருவில் மட்டும் மோட்டார், வாஷிங் மெஷினை நடுப்பகலில் ஓட்டினால் வோல்ட் சற்று இறங்கி இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடும்.

மூன்று ஃபேஸ் வீட்டில் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர் போட்டால், அது இணைந்த ஃபேஸ் போகும்போதெல்லாம் உற்பத்தியும் போகும். எந்த ஃபேஸ் அடிக்கடி போகிறது என்று வயர்மேனுக்குத் தெரியும், கேட்டுவிட்டு இணையுங்கள்.

காகித வேலை

இந்தத் தொகுப்பின் மிகப் பலவீனமான பாகம் இதுதான், ஆனால் முன்னேறியிருக்கிறது. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024இல் மத்திய விதி மாறியதால், முதல் கட்ட அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை. தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்து, பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, வேலை முடிந்தபின் படங்களை ஏற்றி, ஈ.பி. ஆய்வும் நெட் மீட்டரும் ஆனபின் வங்கிக் கணக்கைக் கொடுத்தால் மானியம் உங்கள் கணக்குக்கே வரும். அதாவது முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டும். மானியத்தை நாங்களே கழித்துக்கொள்கிறோம் என்று சொல்பவரிடம் அதை எழுத்தில் வாங்குங்கள்.

சிக்கல் பெரும்பாலும் பெயரில் வரும். சர்வீஸ் தாத்தா பெயரில், வங்கிக் கணக்கு பேரன் பெயரில் என்றால் மானியம் நின்றுவிடும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். அதற்கு வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது என்று நேரம் போகும். அனுமதிக்கப்பட்ட சுமையைப் பில்லில் பாருங்கள்; சோலார் அளவு அதை மிஞ்சக் கூடாது. 2 கிலோவாட் சுமை உள்ள வீட்டில் 3 கிலோவாட் சோலார் போட, சுமையை ஏற்ற வேண்டும். ஒற்றை ஃபேஸ் என்பது 4 கிலோவாட் வரைதான்.

நெட் மீட்டர் வரும் முன் "சும்மா ஓட்டிப் பார்க்கலாம்" என்று ஆன் செய்து விடுபவர்கள் உண்டு. பழைய எலெக்ட்ரானிக் மீட்டர்கள் பலவற்றுக்குத் திசை தெரியாது. நீங்கள் வெளியே தள்ளும் யூனிட்டையும் செலவாகவே எண்ணும். வாரக்கணக்கில் அப்படி ஓடினால் அந்த பில் ஏணியின் உச்சிக்குப் போய்விடும். மீட்டர் மாற்றும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புது மீட்டரின் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டும் படமாக இருக்கட்டும். முதல் பில்லில் எக்ஸ்போர்ட் விடுபட்டுப் போவது நடக்கிறது. படம் இருந்தால் ஈ.பி. உதவிப் பொறியாளர் (ஏ.ஈ.) அலுவலகத்தில் பேச எளிது.

பில்லைப் படிக்கும்போது ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். ஆப்பில் 720 யூனிட் காட்டுகிறது, மீட்டரில் எக்ஸ்போர்ட் 480தான் இருக்கிறது, 240 எங்கே போனது? போகவில்லை; பகலில் உங்கள் ஃபிரிட்ஜும் மோட்டாரும் மீட்டரைத் தொடாமலே அதைத் தின்றுவிட்டன. 900 யூனிட் செலவழிக்கும் வீட்டில் இம்போர்ட் 660, எக்ஸ்போர்ட் 480, நிகரம் 180 என்று வந்தால் கணக்கு சரி. அந்த ஆப்பின் உரிமையாளர் கணக்கு உங்கள் செல்போன் எண்ணில் இருக்க வேண்டும். நிறுவனத்தின் கணக்கில் வைத்துவிட்டு உங்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்தால், அவர்கள் கடையை மூடும் நாளில் உங்கள் தரவும் மூடிவிடும்.

போட்டபின்

பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பது மெல்லக் குறையும் உற்பத்திக்கானது. பொருளுக்கான உத்தரவாதம் பெரும்பாலும் 12 ஆண்டு. இன்வெர்ட்டருக்கு 5 முதல் 10. இருபத்தைந்து ஆண்டுக் கணக்கில் ஒரு முறையாவது இன்வெர்ட்டர் மாற்றும் செலவைச் சேர்த்தே பாருங்கள். திட்டப்படி நிறுவனம் ஐந்து ஆண்டு பராமரிக்க வேண்டும். அதில் துடைப்பது சேராது.

துடைப்பதை மழையில்லாத மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, விடிகாலையில் செய்யுங்கள். சுட்ட கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும், அது எளிதில் போகாது. ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். உப்பு அதில்தான் செறிந்திருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு அருமையானது, ஆறு பேனலுக்கு இரண்டு பக்கெட் போதும். மென்மையான மாப் போதும், சோப் வேண்டாம். பேனல் மேல் கால் வைக்கும் ஆளை உடனே இறக்கிவிடுங்கள். கண்ணாடி உடையாது, உள்ளே செல் விரிசல் விடும். இரண்டு ஆண்டு கழித்து அங்கே பழுப்பு நிறப் பொட்டு தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில் நாள் உற்பத்தி 12 யூனிட்டிலிருந்து எட்டுக்குக் கீழே போனால் பதற வேண்டாம், அது மேகம். மாசியில் வானம் தெளிந்த நாளில் எட்டு வந்தால் அப்போது மாடிக்கு ஏறிப் பாருங்கள்: முதலில் தூசி, பிறகு புதிதாக முளைத்த ஏதாவது நிழல், கடைசியாக கனெக்டர்.